கீழ்பென்னாத்தூர் ஃபேன் கிளப்!

திருவண்ணாமலைக்கு நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க? பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம், அரியர் கிளியர் ஆனா வர்றேன்னு வேண்டிக்கிட்டது... எப்படியும் ரெண்டு மூணு தடவையாவது இருக்கும். சென்னைப் பக்கமிருந்து போறவங்களா இருந்தா திண்டிவனம், செஞ்சி வழியாத்தான் போயிருப்பீங்க. அப்போ கீழ்பென்னாத்தூரையும் தாண்டித்தான் போயிருப்பீங்க. ஆனா இறங்கியிருக்கீங்களா?

நானும் இறங்கினதில்லை. திருவண்ணாமலை என் அம்மா ஊர். சின்ன வயசுலேர்ந்து இந்த ரோட்டில் போகாத லீவு கிடையாது. செஞ்சிக் கோட்டை வந்ததும் முழிப்பேன், 'இன்னும் எவ்ளோ தூரம்'னு கேட்டுட்டு மறுபடி தூங்கிடுவேன். கீழ்பென்னாத்தூர் எப்பவும் என் தூக்கத்துக்குள்ளதான் வந்துட்டுப் போகும். போன மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்த ஊரை முதல்முறையா முழிச்சுப் பார்த்தேன். பார்க்க வச்சது ஒரு ஃபேன். சினிமா ஹீரோவோட ஃபேன் இல்லைங்க, நிஜமாவே சுத்துற ஃபேன். அதாவது, சுத்த வேண்டிய ஃபேன்!

என் மாமா திருவண்ணாமலையில் ஓனர் கம் டிரைவர். மலை சுத்த வர்ற ஆந்திரா, தெலங்கானா பார்ட்டிகளைச் சென்னை ஏர்போர்ட்டில் ஏத்தி, கோயிலில் இறக்கி, திரும்பக் கொண்டுபோய் விடுற தொழில். போக 180 கிலோமீட்டர் சொச்சம், வர அதே. ரெண்டு வருஷம் முன்னாடி, 'பெட்ரோல் செலவு பாதியா குறையும்'னு யாரோ சொன்னதை நம்பி, செகண்ட் ஹாண்டில் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டின்னு கேக்காதீங்க, கதைக்கு அது தேவையில்லை. வாங்கின லோன் மட்டும் தேவை. மாசம் பொறந்தா அஞ்சாம் தேதி இ.எம்.ஐ. வண்டி ஒரு நாள் படுத்தா மாமாவும் சேர்ந்து படுக்கணும்.

அன்னிக்கு மாமா சென்னையில் பார்ட்டியை இறக்கிவிட்டு வெறும் வண்டியா திரும்பினார். செமஸ்டர் முடிஞ்சு மூட்டை முடிச்சோட நின்ன என்னைப் பெருங்களத்தூரில் ஏத்திக்கிட்டார். ஏறினதும் ஏ.சி.யை அணைச்சார். "நாமதானே கண்ணு... ஜன்னலைத் தொறந்துக்கோ, இயற்கைக் காத்து!" அக்னி நட்சத்திரத்தில் திண்டிவனம் ரோட்டில் இயற்கைக் காத்து எப்படி இருக்கும்னு தெரியுமா? ஹேர் டிரையரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சா வருமே, அப்படி இருக்கும்.

செஞ்சி தாண்டினோம். செஞ்சியில் கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்க, ப்ளீஸ். யாரோ பெரிய பெரிய பாறைகளைக் கொண்டுவந்து கொட்டி அடுக்கினமாதிரி மலைகள். அதில் ராஜகிரி உச்சியில் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய ராணுவக் கோட்டைகளைச் சேர்த்தபோது, அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை இது. இதைத் தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், மல்லாட்டைக் காடு, கரும்பு. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக் கொட்டை எங்க ஊர் வாயில் மல்லாட்டை ஆயிடுச்சு. இனிமே இந்தக் கட்டுரையில் வேர்க்கடலைன்னு எழுத மாட்டேன்.)

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி டேஷ்போர்டில் மஞ்சளா ஒரு விளக்கு. கூடவே ஸ்கிரீனில் ஒரு வரி: ஹைபிரிட் சிஸ்டத்தைச் சோதிக்கவும். மாமா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், வண்டி 'போறேன் போறேன்'ங்குது, போகலை. இன்ஜின் மட்டும் காட்டுக்கத்தல் கத்துது. மெதுவா உருட்டி ஊருக்குள்ளே கொண்டுவந்து ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினார்.

வண்டி வாங்கின பிறகு வழக்கமா காட்டுற சர்வீஸ் இடத்துக்கு மாமா போன் போட்டார். எடுத்தவர் வேற ஊர்க்காரர் போல. "எந்த இடம் சார்?" "கீழ்பென்னாத்தூர்." "மேல்பென்னாத்தூருங்களா?" "கீழ் சார், கீழ்!" (ரெண்டு ஊரும் எங்க மாவட்டத்திலேயே இருக்கு. ஒண்ணு செஞ்சி ரோட்டில், இன்னொண்ணு செங்கம் பக்கம்.) ஸ்கிரீனில் வந்த வரியைப் படிச்சுக் காட்டினதும், அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஹைபிரிட் பேட்டரி போயிருக்கும் சார். வயசான வண்டி. மாத்தணும்னா ஒண்ணரை லட்சத்துக்கு மேல ஆகும். நாளைக்குக் காலைல டோ பண்ணி எடுத்துட்டு வாங்க."

மாமா போனை வச்சுட்டு ஒண்ணும் பேசலை. மறுநாள் விடியற்காலை அஞ்சு மணிக்கு ஏர்போர்ட் டிரிப் ஒண்ணு கையில் இருந்தது. நாலு பேர், அட்வான்ஸ் வாங்கியாச்சு. கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். வேர்வைன்னு நினைச்சேன்.

இங்கே ஒரு சின்ன லெக்சர். ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம் படிக்கிறேன், இதுகூடச் சொல்லலைன்னா எப்படி? தூக்கம் வராம பார்த்துக்கிறேன்.

ஹைபிரிட்னா ஒரே வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், எலெக்ட்ரிக் மோட்டாரும் இருக்கும். ஐடியா ரொம்பப் பழசு. 1900 வாக்கிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே (ஆமா, அதே போர்ஷேதான்) பெட்ரோலையும் கரண்ட்டையும் சேர்த்து ஓடுற காரைச் செஞ்சு பார்த்தார். கடையில் போய் வாங்குற அளவுக்கு வந்தது 1997 டிசம்பரில், ஜப்பானில், டொயோட்டா பிரியஸ். இந்தியாவுக்கு 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010-ல் பிரியஸ், 2013-ல் கேம்ரி ஹைபிரிட்னு ஒண்ணொண்ணா வந்து, 2022-க்கு அப்புறம்தான் நம்ம தெருவில் சாதாரணமாப் பார்க்க ஆரம்பிச்சோம்.

பிரேக் அடிக்கும்போது சாதா வண்டியில் சக்தி எல்லாம் சூடாப் போயிடும். ஹைபிரிட்டில் அப்போ மோட்டாரே ஜெனரேட்டரா மாறி, அந்தச் சக்தியில் ஒரு பங்கைப் பிடிச்சு பேட்டரியில் போடும். கிளம்பும்போது எடுத்துக் கொடுக்கும். போடு, எடு, போடு, எடு... நாள் முழுக்க இதே வேலை. பேட்டரிக்குள்ளேயும் ரெசிஸ்டன்ஸ் இருக்கே! ஐ ஸ்கொயர் ஆர் ஞாபகம் இருக்கா? அவ்வளவும் சூடு. ரெண்டாம் தலைமுறை பிரியஸ் பேட்டரியை எடுத்துக்கோங்க: ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட் உள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 168, வரிசையா கோத்து 201.6 வோல்ட். அத்தனை செல் நெருக்கியடிச்சு உட்கார்ந்தா எப்படி இருக்கும்? பௌர்ணமி அன்னிக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் நின்னுட்டு வந்திருந்தா உங்களுக்கே தெரியும்.

அதனால அதுக்குன்னு தனியா ஒரு ஃபேன். இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால இருக்கும். பின்சீட்டு ஓரமா ஒரு சின்ன ஜன்னல்மாதிரி கிரில். ஃபேன் அது வழியா கார் உள்ளே இருக்கிற காத்தை இழுத்து செல்களுக்கு நடுவில் ஊதும். நல்லா கவனிங்க... வெளிக்காத்து இல்லை, கேபினுக்குள்ளே இருக்கிற காத்து. உங்களுக்குச் சுகமா இருந்தா பேட்டரிக்கும் சுகம். நீங்க ஏ.சி.யை அணைச்சுட்டு வெந்தீங்கன்னா அதுவும் உங்களோட சேர்ந்து வேகும். ரொம்பச் சூடானா கம்ப்யூட்டர் 'போதும்பா'ன்னு பேட்டரியை வேலை வாங்குறதைக் குறைச்சுடும். வண்டி இழுக்காது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

என் பையில் ஒரு பொருள் இருந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகினா, ப்ளூடூத் வழியா வண்டியின் கம்ப்யூட்டர் என்ன புலம்புதுன்னு மொபைலில் காட்டும். மினி ப்ராஜெக்ட்டுக்காக வாங்கினது. டீமில் நாலு பேர், காசு போட்டது நான் ஒருத்திதான், அது வேற கதை. செருகினேன். கோடு வந்தது: பி0ஏ82.

அர்த்தம் தேடிப் பார்த்தேன். ஹைபிரிட் பேட்டரி கூலிங் ஃபேன் ஒண்ணு, சரியா வேலை செய்யலை அல்லது சுத்தாம நிக்குது. நல்லா நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் தெரியுமா? இந்தக் கோடுகள் எல்லாம் கம்பெனிகளுக்குப் பொதுவானவை. அதில் ரெண்டு நம்பர் முன்னால, பி0ஏ80-க்கு என்ன அர்த்தம்னா... 'ஹைபிரிட் பேட்டரியை மாற்றவும்'. 80 வந்தா லட்சம். 82 வந்தா ஃபேன். போனில் பேசினவர் எந்த நம்பர்னு கேக்கவே இல்லை!

"மாமா, பேட்டரி போகலை. ஃபேன்தான் சுத்தலை!"

மாமா என்னை நம்பின மாதிரியும் தெரியலை, நம்பாத மாதிரியும் தெரியலை. "ஃபேன் இருக்கா இதுல?"ன்னார். ரெண்டு வருஷமா ஓட்டுறார்!

எதிரில் டீக்கடை. கடைக்கார அக்கா பெரிய அலுமினியக் குண்டானில் மல்லாட்டை வேகவச்சுக்கிட்டு இருந்தாங்க. "இன்னா பாப்பா, வண்டி ரிப்பேரா? அதோ அந்த ட்ராக்டர் நிக்குது பாரு, அங்க கேளு. ஞாயித்துக்கெழம கூட இருப்பாரு, வூட்டுக்குப் போனா பொண்டாட்டி வேல வப்பாங்கன்னு." சொல்லிட்டு ஒரு படி மல்லாட்டையைப் பேப்பரில் கொட்டிக் கையில் திணிச்சாங்க. உப்பு அளவா, உள்ளே பருப்பு வெண்ணெய் மாதிரி. கீழ்பென்னாத்தூரில் என்ன சாப்பிடலாம்னு கேட்டா என் பதில் இது ஒண்ணுதான். வேற எதுவும் சாப்பிட நேரமில்லை.

அது ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. ட்ராக்டர் டைனமோ, லாரி ஹாரன், செல்ஃப் மோட்டார்... வாசல் முழுக்க செம்புக்கம்பி நாறு நாறா. உள்ளே ஐம்பது வயசு இருக்கும் ஒருத்தர். கைலி, பனியன், காதில் சொருகின டெஸ்டர். நாங்க விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார்.

"ஹைபிரிட்டா? நான் இது வரைக்கும் தொட்டதில்லீங்க அண்ணே" என்றார் மாமாவிடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆனா ஃபேன் தொட்டிருக்கேன். எத்தினி வோல்ட்டுமா அந்த ஃபேனு?"

"பேட்டரிதான் எறநூறு வோல்ட்ணா. ஃபேன் சாதா பன்னெண்டு வோல்ட்தான்."

"அப்ப சரி. ஆரஞ்சு கலர் வயர் கீதுன்னா சொல்லிடு. அத நானும் தொட மாட்டேன், நீயும் தொடக்கூடாது. போன வருசம் ஒருத்தன் வீடியோ காட்னான். அந்த வயரத் தொட்டா மல தெரியாது, மலைக்கு மேல கீற தீபந்தான் தெரியும்."

சிரிச்சோம். ஆனா இது சிரிக்கிற விஷயம் இல்லைங்க. ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி எல்லாத்திலும் ஆரஞ்சு வயர்னா ஹை வோல்டேஜ். அதுக்குன்னு தனி ரப்பர் கையுறை, தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. பேட்டரிப் பெட்டியைத் திறக்கிறது நம்ம ஹாஸ்டல் வீரதீர வேலைகளில் சேராது. நாங்க செஞ்சது எல்லாமே பெட்டிக்கு வெளியே, பன்னெண்டு வோல்ட் பக்கம் மட்டும்.

முதல் வேலை, அந்தக் கிரில். தேடினேன்... காணோம்! பின்சீட்டு முழுக்க மாமா ஆசை ஆசையா மாட்டின புது சீட் கவர், அதுக்கு மேலே ஒரு டர்க்கி டவல், ஓரத்தில் குட்டித் தலையணை. எல்லாத்தையும் உருவினா உள்ளே பாவமா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தது. கிளிப்பைக் கழட்டி ஃபில்டரை வெளியே எடுத்தார் அண்ணன். சாம்பல் கலரில் கம்பளிமாதிரி ஒண்ணு வந்தது. தலைமுடி, துணி நூல், ரோட்டுப் புழுதி, அதுக்கு மேலே மெத்து மெத்துனு வெள்ளைத் தூள். மோந்து பார்த்தார்.

"விபூதிங்க அண்ணே!"

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வருஷமா, தினம் நாலு பேர், கோயிலிலிருந்து நெத்தி நிறைய பூசிக்கிட்டு, பொட்டலத்தையும் மடியில் வச்சுக்கிட்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தா? அத்தனையும் ஃபேன் இழுத்து இழுத்து ஃபில்டரில் சேர்த்து வச்சிருக்கு. எந்தக் கம்பெனியின் டிசைன் இன்ஜினியரும் இந்த லோடைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

கம்ப்ரஸர் காத்து அடிச்சுடலாம்னு நான் சொன்னேன். அவர் முறைச்சார். "அடிச்சா அது எங்க போவும்? உள்ள பேட்டரிக்குத்தான் போவும். வெளிய எடுத்து தட்டணும்." பெயிண்ட் பிரஷ்ஷால் நிதானமா தட்டி, கழுவி, வெயிலில் வச்சார். அந்த வெயிலுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

வண்டியை ஆன் பண்ணி, கோடை அழிச்சு, காத்திருந்தோம். பேட்டரி சூடு 52 டிகிரின்னு ஆப் காட்டுது. ஃபேன் ஓடியே ஆகணும். காதை வச்சுக் கேக்குறேன். சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மஞ்சள் விளக்கு, மறுபடியும் 82. அடைப்பு ஒரு குத்தம்தான், ஆனா அது மட்டும் குத்தவாளி இல்லை.

ஃபியூஸ் பார்த்தோம். நல்லா இருக்கு.

பின்சீட்டு ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழட்டினதும் ஃபேன் தெரிஞ்சது. உள்ளங்கை ரெண்டையும் சேர்த்து வச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. நாலு வயர் போகுது: ஒண்ணு பவர், ஒண்ணு எர்த், ஒண்ணு 'இவ்வளவு வேகமா சுத்து'ன்னு கம்ப்யூட்டர் சொல்றது, இன்னொண்ணு 'இவ்வளவு வேகத்தில் சுத்துறேன்'னு ஃபேன் பதில் சொல்றது. இங்கேதான் என் நேரம். மல்டிமீட்டரை எடுத்தேன். கனெக்டரைக் கழட்டி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் முனைகளை வச்சேன். 13.9 வோல்ட்!

"பாத்தீங்களா? சப்ளை ஓகே, எர்த் ஓகே. ஃபியூஸ் ஓகே. அப்போ ஃபேன்தான் அவுட். புது ஃபேன் வாங்கணும் மாமா." வைவா எக்ஸ்டர்னல் முன்னாடி பேசுற அதே குரலில் சொன்னேன். மாமா உடனே போனை எடுத்து ஃபேன் விலை விசாரிக்கப் போயிட்டார். ஞாயித்துக்கிழமை யார் எடுப்பாங்க? எடுத்தாலும் வர நாலஞ்சு நாள் ஆகும். அஞ்சு மணி டிரிப் போச்சு.

அண்ணன் என் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பல்பு போட்டுப் பாத்தியாமா?"

"எதுக்குணா? 13.9 காட்டுதே!"

"காட்டுது. தாங்குதா?"

கடைக்குள்ளே போய் ஒரு பழைய ஹோல்டரில் மாட்டின பல்பை எடுத்துட்டு வந்தார். வண்டி இண்டிகேட்டரில் இருக்குமே, 21 வாட் பல்பு, அதேதான். ரெண்டு வயர். நான் மீட்டர் வச்ச அதே ரெண்டு பின்னில் வச்சார்.

பல்பு எரிஞ்சதுன்னு சொல்ல முடியாது. கம்பி மட்டும் லேசா சிவந்தது, மல்லாட்டையின் உள்தோல் நிறத்தில். அவ்வளவுதான்.

எனக்குப் புரியலை. மீட்டரை வச்சா 13.9, பல்பை வச்சா ஒண்ணுமில்லை. அவர் ஒண்ணும் பேசாம பவர் பின்னில் இருந்த முனையை அப்படியே விட்டுட்டு, எர்த் முனையை மட்டும் எடுத்து வண்டி பாடியில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வச்சார். பளிச்! கண் கூசுது.

"பவர் நல்லா கீது. எர்த்து ஓட்ட."

அங்கேயே புளியமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க. டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். எர்த் வழியில் எங்கேயோ துருப்பிடிச்ச ஜாயின்ட்டில் 10 ஓம் இருக்குன்னு வைங்க. மீட்டர் வழியா ஓடுற கரண்ட் கொசுவுக்குச் சமம். அதனால துருவில் விழுற வோல்டேஜும் பூஜ்யம் மாதிரி. 13.9-ல் 13.9-ம் அப்படியே மீட்டருக்கு வந்துடும், ஒண்ணும் தெரியாது. ஆனா 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் கேக்கும், அதன் ரெசிஸ்டன்ஸே 7 ஓம்தான். 10-ம் 7-ம் சீரியஸில்! பாதிக்கு மேலே துருவிலேயே செத்துடும். பல்பு மங்கல். ஃபேனும் அப்படித்தான், கரண்ட் கேக்குற சாமான். கேட்டா கிடைக்கலை, நின்னுடுச்சு. வோல்டேஜ் டிவைடர், முதல் வருஷப் பாடம், இன்டர்னலில் முழு மார்க் வாங்கியிருக்கேன். அந்த மார்க் ஷீட்டை அவர் கேக்கலை, நல்லவேளை.

(ஒரு எச்சரிக்கை: பல்பு டெஸ்ட்டை பவர், எர்த் வயரில் மட்டும்தான் செய்யணும். கம்ப்யூட்டர் சிக்னல் வயரிலோ, ஏர்பேக் வயரிலோ வச்சுடாதீங்க. ஆம்பியர் கேட்டு அங்கே இருக்கிறதைக் கொளுத்திவிடும். அண்ணனுக்கும் அது தெரியும், அந்த ரெண்டு சிக்னல் வயர் பக்கம் அவர் பல்பு போகவே இல்லை. இன்னொண்ணு, இந்த வண்டிகள் ஆனில் இருக்கும்போது சத்தமே இல்லாம நிக்கும், திடீர்னு இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும். பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்பக்கம் யாரும் கை வைக்காம பார்த்துக்கணும். கழட்டி மாட்டும்போது ஆஃப் பண்ணி, சாவியைத் தூரமா வைக்கணும். எங்க சாவி டீக்கடை அக்காவின் கல்லாப்பெட்டியில் இருந்தது.)

இப்போ எர்த் வயர் எங்கே போகுதுன்னு தேடணும். கறுப்பு வயர் பின்சீட்டு ஓரமா இறங்கி, டிக்கிப் பக்கம் தரை மூலையில் ஒரு போல்ட்டில் முடியுது. டிக்கி மேட்டைத் தூக்கினார். அடியில் ஈரம். போல்ட் இருந்த இடத்தில் பச்சையும் பழுப்புமா ஒரு பொங்கல். விரலால் தொட்டா உதிருது.

"மழையே இல்லியே, தண்ணி எப்புடி வந்துச்சு?" அண்ணன் கேட்டார்.

மாமா திருதிருன்னு முழிச்சார். அப்புறம் மெதுவா, "தீர்த்தக் கேன்..." என்றார்.

கதை இதுதான். வர்ற பார்ட்டிகள் ஊருக்குக் கொண்டுபோகத் தண்ணி பிடிச்சு டிக்கியில் வைப்பாங்க. மூடி சரியா மூடாது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு தடவை தளும்பும். மேட்டுக்கு மேலே காய்ஞ்சுடும், அடியில் தேங்கி நிக்கும். உள்ளே விபூதி, வெளியே தீர்த்தம். ரெண்டு பக்கமும் சேர்ந்து வண்டியை முக்திக்கு அனுப்பப் பார்த்திருக்கு!

போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் வச்சு தகரம் பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சார். வயர் முனையில் இருந்த வளையத்தை வெட்டி எறிஞ்சுட்டு, ட்ராக்டருக்கு வச்சிருந்த புது வளையத்தைப் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினார். வாசலின் எதுக்குன்னா தண்ணி ஏறாம இருக்க. மறுபடி பல்பு. பளிச். கனெக்டரை மாட்டி, கல்லாவிலிருந்து சாவியை வாங்கி வந்து, ஆன்.

உய்ய்ய்ங்...

இவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் இதுக்கு முன்னாடி ரிசல்ட் வெப்சைட் ஓப்பன் ஆனப்போகூடக் கேட்டதில்லை. கிரில்லில் கர்ச்சீப்பை வச்சார் மாமா. ஒட்டிக்கிச்சு. எடுத்தார், மறுபடி வச்சார். மறுபடி ஒட்டிக்கிச்சு. சின்னப் பையன் மாதிரி நாலு தடவை செஞ்சு பார்த்தார்.

கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு எறநூறு ரூபாய் சொன்னார் அண்ணன். மாமா ஐநூறை நீட்டினார். மீதியைத் திருப்பிக் கொடுத்துட்டு, "அதுல ஒரு பிளாஸ்டிக் ட்ரே வாங்கி டிக்கில போடுங்க" என்றார். அப்புறம் என்னிடம், "அந்த டப்பா நல்லா கீதே, எங்க வாங்குன?" எதைக் கேக்குறார்னு பார்த்தா, என் ப்ளூடூத் சமாசாரம். "82-ன்னு அது சொல்லலன்னா நான் பேட்டரின்னுதான்மா நெனச்சிருப்பேன்." மாடல் பேரை அவர் கடைச் சுவரில், பழைய போன் நம்பர்களுக்கு நடுவில், சாக்பீஸால் எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு ஹோல்டரும் 21 வாட் பல்பும் வாங்கிக்கிட்டேன். காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

கிளம்பும்போது மணி அஞ்சரை. கீழ்பென்னாத்தூரை அப்போதான் சரியாப் பார்த்தேன். தாலுகா தலைநகரம், பேரூராட்சி, 2011-லிருந்து தனிச் சட்டமன்றத் தொகுதி. ஆனா ரோட்டிலிருந்து பார்த்தா சைக்கிள் கடை, உரக்கடை, ஜெராக்ஸ் கடை, பஸ்ஸுக்கு நிக்கிற ஸ்கூல் டியூஷன் பசங்க, மல்லாட்டை மூட்டை ஏத்தின மினி லாரி. ரயில் கிடையாது. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறதால எல்லா பஸ்ஸும் நின்னுட்டுப் போகும், இறங்குறவங்க உள்ளூர்க்காரங்க மட்டும்தான். ஊரைத் தாண்டினதும் நேர் எதிரில் அண்ணாமலை. 2,668 அடி, பின்னால சூரியன் இறங்குறதால முழுக்கக் கறுப்பு. கிட்டே போய் 14 கிலோமீட்டர் சுத்தும்போதுகூட மலையை இப்படி ஒரே பார்வையில் முழுசாப் பார்க்க முடியாது. தீபத்தன்னிக்கு இங்கேர்ந்தே தெரியும்னு டீக்கடை அக்கா சொன்னாங்க. அடுத்த தடவை போறப்போ தூங்காதீங்க, இந்த ஊரில் ஒரு டீயாவது குடிங்க.

மாமா ஏ.சி.யைப் போட்டார். அவராவே! நான் மொபைலில் பேட்டரி சூட்டைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வந்தேன். 49... 46... 43... ஒவ்வொரு நம்பருக்கும் கிரிக்கெட் ஸ்கோர் கேக்குறமாதிரி "இப்போ?" என்றார். ஊர் எல்லை வந்தப்போ 39.

மறுநாள் மத்தியானம் ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினார். விளக்கு வரலை, வண்டி நல்லா இழுக்குது, பார்ட்டியைக் கரெக்ட் டைமுக்கு இறக்கியாச்சு. "ஒரே பிரச்னை கண்ணு. அவங்ககிட்ட பத்து லிட்டர் தீர்த்தக் கேன் இருந்துச்சு."

"டிக்கியிலயா வச்சீங்க?"

"சேச்சே! முன் சீட்ல ஒக்கார வச்சு சீட் பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."